சைன் அண்ட் ட்ரேட் நியூஸ் வந்தா நாமளே கணக்கு போட்டு பாக்குறது எப்படி

ஒவ்வொரு வருஷமும் என்பிஏல (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஃப்ரீ ஏஜென்சி, அதாவது கான்ட்ராக்ட் முடிஞ்ச ப்ளேயர்ஸ் டீம்களோட புது கான்ட்ராக்ட் பேசுற கட்டம், ஆரம்பிக்குறது நம்ம ஊர் நேரத்துக்கு ஜூலை 1 விடிகாலை மூன்றரை மணிக்கு. அந்த நேரத்துல கண்ணு முழிச்சு போனை பாத்துட்டு உக்காந்திருக்குற ஆளுங்க நம்மள்ல நெறைய பேர் இருக்கோம். அப்போ வர்ற நியூஸ்ல அதிகமா குழப்புறது இந்த "சைன் அண்ட் ட்ரேட்" தான். ஒரு ப்ளேயர் பழைய டீமோட கான்ட்ராக்ட் போடுறான், போட்ட கையோட அந்த டீமே அவனை வேற டீமுக்கு ட்ரேட் பண்ணிடுது. போகப்போறவன் எதுக்கு பழைய வீட்டுல கையெழுத்து போடணும், நேரா புது டீமோட போட்டா என்ன? இந்த ஒரு கேள்விக்கு பதில் பிடிபட்டுட்டா மத்ததெல்லாம் வெறும் கூட்டல் கழித்தல் தான், அதனால முதல்ல அதை பேசிடுவோம்.

என்பிஏல சேலரி கேப்னு, ஒரு டீமோட மொத்த சம்பளத்துக்கு ஒரு வரம்பு, ஒன்னு இருக்குல்ல, 2025-26 சீசனுக்கு அது சுமார் 15.46 கோடி டாலர். ஆனா இது முழுசா இறுக்கமான கேப் கிடையாது. சொந்த ப்ளேயரை திரும்ப சைன் பண்ண கேப்பை தாண்டியும் காசு குடுக்கலாம், அந்த உரிமைக்கு பேர்டு ரைட்ஸ்னு பேரு (பழைய பாஸ்டன் ஸ்டார் லேரி பேர்டு பேர்ல வந்தது). வெளி ஆளை எடுக்கணும்னா மட்டும் கேப்ல இடம் வேணும், இல்லைன்னா மிட் லெவல் மாதிரி சின்ன எக்ஸப்ஷன் (கேப்ல இடம் இல்லாமலே ஒரு அளவு சம்பளம் வரைக்கும் சைன் பண்ண விடுற விதிவிலக்கு) தான். இப்போ பாருங்க, ஒரு பெரிய ப்ளேயருக்கு பிடிச்ச ஊர்ல இருக்குற டீம்கிட்ட கேப் ஸ்பேஸ் இல்ல. பழைய டீம்கிட்ட பேர்டு ரைட்ஸ் இருக்கு, ஆனா அவன் அங்க இருக்க போறதில்ல. அவன் சும்மா கிளம்பிட்டா பழைய டீமுக்கு அந்த சம்பள இடம் திரும்ப கிடைக்கும்னு நெனைக்குறோம்ல, அதான் தப்பு. ஏற்கனவே கேப்புக்கு மேல இருக்குற டீமுக்கு ஒரு ஸ்டார் போனாலும் கேப் ஸ்பேஸ் வராது, வெறும் ஓட்டை தான் மிஞ்சும். அதனால பழைய டீம் தன்னோட பேர்டு ரைட்ஸை வச்சு அவனை சைன் பண்ணி அனுப்பி வைக்குது, பதிலுக்கு ஒரு ப்ளேயரோ பிக்கோ (டிராஃப்ட்ல, அதாவது புது பசங்களை டீம்கள் வரிசையா எடுக்குறப்போ, ஒரு ஆளை எடுக்குற உரிமை) வாங்கிக்குது. மூணு பேரும் சம்மதிச்சா தான் இது நடக்கும், ஒருத்தர் முடியாதுன்னாலும் காலி. சாதாரண ட்ரேட்ல ப்ளேயர்கிட்ட யாரும் கேக்க வேண்டியதில்ல, இதுல அவன் கையெழுத்து இல்லாம ஒன்னும் நகராது. எனக்கு இந்த டீல் மேல இவ்வளவு ஆர்வம் வர அதான் காரணம்.

ஒரு விஷயத்தை மட்டும் மனசுல தெளிவா வச்சுக்கணும், இப்போ சைன் அண்ட் ட்ரேட்ல ப்ளேயருக்கு காசு அதிகம் கிடைக்காது. முன்னாடி கிடைச்சுது. 2010ல லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மயாமி போனப்போ அந்த டீம்கிட்ட கேப் ஸ்பேஸ் இருந்தும் சைன் அண்ட் ட்ரேட்டா தான் போனாங்க, ஏன்னா அப்படி போனா தான் 6 வருஷ கான்ட்ராக்ட் கிடைக்கும், இன்க்ரிமென்ட்டும் அதிகம். கிளீவ்லேண்டுக்கு அதுக்கு பதிலா 2 ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக், 2 செகண்ட் ரவுண்ட் பிக்னு வந்துச்சு. 2011ல லீக்கும் ப்ளேயர்ஸ் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துல இந்த வழியை அடைச்சுட்டாங்க. இப்போ பழைய டீம்லயே இருந்தா 5 வருஷம், வருஷத்துக்கு 8 பர்சென்ட் ஏத்தம். சைன் அண்ட் ட்ரேட்ல போனா அதிகபட்சம் 4 வருஷம், 5 பர்சென்ட், அதாவது கேப் ஸ்பேஸ் இருக்குற டீமுக்கு நேரா போனா என்ன கிடைக்குமோ அதே தான். ஆக ப்ளேயருக்கு இதுல கிடைக்குறது காசு இல்ல, இடம். தான் ஆட ஆசைப்படுற ஊருக்கு, கேப் ஸ்பேஸே இல்லாத டீமுக்கு கூட, முழு சம்பளத்தோட போக முடியுது.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 2019ல ஜிம்மி பட்லர். ஃபிலடெல்ஃபியால இருந்திருந்தா 5 வருஷம், 19 கோடி டாலர் வரைக்கும் வாய்ப்பு இருந்துச்சு. அவர் மயாமிக்கு தான் போவேன்னு நின்னு 4 வருஷம், சுமார் 14.2 கோடிக்கு கையெழுத்து போட்டார். மயாமிகிட்ட அப்போ கேப் ஸ்பேஸ்னு ஒரு டாலர் இல்ல. சரி எப்படி முடிச்சாங்க? ஜாஷ் ரிச்சர்ட்சன் ஃபிலடெல்ஃபியாவுக்கு, பெரிய சம்பளத்துல உக்காந்திருந்த ஹசன் வைட்சைட் போர்ட்லேண்டுக்கு, போர்ட்லேண்ட்ல இருந்து மையர்ஸ் லெனார்டு மயாமிக்கு, மோ ஹார்க்லஸ் கிளிப்பர்ஸுக்கு, ஹார்க்லஸ் சம்பளத்தை ஏத்துக்கிட்டதுக்கு கூலியா கிளிப்பர்ஸுக்கு மயாமியோட ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக். நாலு டீம் சேந்து ஒரு ஆளை ஒரு ஊருக்கு கொண்டு போய் சேத்தாங்க. அந்த ஆள் 2020லயும் 2023லயும் மயாமியை ஃபைனல்ஸ் வரை கூட்டிட்டு போனார்.

சரி இப்போ ஒரு நியூஸ் வருது, "இன்னார் இன்ன டீமுக்கு சைன் அண்ட் ட்ரேட்ல போகலாம்"னு. ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க, போன் கால்குலேட்டர் போதும்.

மொதல்ல ஆள் தகுதியா இருக்கானான்னு பாருங்க. போன சீசன் முடியும்போது அவன் அந்த டீமோட ரோஸ்டர்ல (ப்ளேயர் பட்டியல்ல) இருந்திருக்கணும். கான்ட்ராக்ட் குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 4, ஆப்ஷன் வருஷத்தை (தொடரலாமா வேண்டாமான்னு டீமோ ப்ளேயரோ அப்புறமா முடிவு பண்ற வருஷம்) இதுல எண்ணக்கூடாது. முதல் வருஷ சம்பளம் முழு கேரண்டியா இருக்கணும், ரெண்டாவது மூணாவது வருஷம் கேரண்டி இல்லாமலும் இருக்கலாம், அதனால "3 வருஷம்"னு நியூஸ் வந்தாலே பெரிய கமிட்மென்ட்னு நெனைக்க வேண்டாம், கேரண்டி எவ்வளவுன்னு தேடுங்க. ரெகுலர் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே முடியணும். ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் (வேற டீம் குடுக்குற ஆஃபரை பழைய டீம் மேட்ச் பண்ணி வச்சுக்க முடியுற ஆள்) வேற டீமோட ஆஃபர் ஷீட்ல கையெழுத்து போட்டுட்டா அப்புறம் இந்த வழி மூடிடும், அதனால அந்த மாதிரி பசங்களோட ஏஜென்ட் ஆஃபர் ஷீட்டுக்கு போறதுக்கு முன்னாடியே ரெண்டு டீமையும் பேச வச்சுடுவாங்க.

இந்த ரூலுக்கெல்லாம் பின்னாடி கதை இருக்கு. 2008 பிப்ரவரில டல்லஸ் ஜேசன் கிட்டை வாங்கணும், சம்பளம் ஒத்து வரல. 2006க்கு அப்புறம் ஒரு மேட்ச் கூட ஆடாத கீத் வான் ஹார்னோட பேர்டு ரைட்ஸ் இன்னும் அவங்ககிட்ட இருந்துச்சு, அவரை கூப்பிட்டு 40 லட்சம் டாலருக்கு மேல கான்ட்ராக்ட் குடுத்து அந்த ட்ரேட்ல சேத்து அனுப்பிட்டாங்க. அதே மாசம் பாவ் கசோலை லேக்கர்ஸ் வாங்கினப்போ ஆரன் மெக்கீயை அப்படித்தான் சேத்தாங்க, அவர் அப்போ ஃபிலடெல்ஃபியால கோச்சிங் ஸ்டாஃப்ல சம்பளம் இல்லாம உதவி பண்ணிட்டு இருந்தார். ரெண்டு பேரும் போன டீமுக்கு ஒரு நிமிஷம் கூட ஆடல. இன்னைக்கு இது முடியாது.

அடுத்தது வாங்குற டீம். இங்க தான் பெரும்பாலான வதந்தி செத்துடும். சைன் அண்ட் ட்ரேட்ல ஆளை வாங்குற டீம், ட்ரேட் முடிஞ்ச அப்புறம் ஃபர்ஸ்ட் ஏப்ரனுக்கு (சேலரி கேப்புக்கு மேல லீக் போட்டிருக்குற ஒரு சம்பள கோடு) கீழ இருக்கணும், 2025-26க்கு அது சுமார் 19.59 கோடி டாலர். அதோட முடியல, வாங்கின நிமிஷத்துல இருந்து அந்த சீசன் முழுக்க அந்த கோட்டை தாண்டவே கூடாது, மினிமம் சம்பளத்துக்கு ஒரு ஆளை எடுக்கக்கூட தாண்ட முடியாது. இதைத்தான் ஹார்டு கேப்னு சொல்றாங்க. கணக்கு போடும்போது 14 பேர் சம்பளமாவது கூட்டிக்கோங்க, நிறைய பேர் மெயின் ப்ளேயர்ஸை மட்டும் கூட்டிட்டு "இடம் இருக்கு"ன்னு முடிவு பண்ணிடுறாங்க, மீதி ஆறேழு பேர் மினிமம் சம்பளம் சேந்தாலே கோடிக்கு மேல போயிடும். போனஸையும் சேக்கணும், கிடைக்க வாய்ப்பு கம்மியான போனஸ் கூட ஏப்ரன் கணக்குல வரும்.

ஹார்டு கேப் எவ்வளவு வலிக்கும்னா 2019 வாரியர்ஸை பாருங்க. கெவின் டுரான்ட் ப்ரூக்ளின் போறார்னு முடிவாயிடுச்சு, 4 வருஷம், 16.4 கோடி டாலர். ப்ரூக்ளின்கிட்ட டி'ஏஞ்சலோ ரஸல் ஃப்ரீ ஏஜென்ட். ரெண்டு பேரையும் ரெண்டு பக்கமும் சைன் அண்ட் ட்ரேட் பண்ணிக்கிட்டாங்க, ரஸலுக்கு 4 வருஷம் 11.7 கோடி, கூட வாரியர்ஸ் ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கும் குடுத்தாங்க. ரஸலை வாங்கினதால வாரியர்ஸுக்கு ஹார்டு கேப் விழுந்துச்சு. அந்த கோட்டுக்குள்ள அடங்கணும்னு ஆண்ட்ரே இகுவடாலாவை, அதுவும் கூட ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் வச்சு, மெம்ஃபிஸுக்கு அனுப்ப வேண்டியதாப்போச்சு. மூணு சாம்பியன்ஷிப் ஜெயிச்சு குடுத்த ஆள். அந்த சீசன் காயம் வேற சேந்து 15 மேட்ச் தான் ஜெயிச்சாங்க. அப்போ எல்லாரும் இது வேண்டாத வேலைன்னு தான் சொன்னாங்க. ஆனா ரஸலை அவங்க வாங்கினது வச்சு ஆட மட்டும் இல்ல. 2020 பிப்ரவரில அவரை மினசோட்டாவுக்கு குடுத்து ஆண்ட்ரூ விக்கின்ஸையும் ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கையும் வாங்கினாங்க. விக்கின்ஸ் 2022 சாம்பியன்ஷிப்ல ஸ்டெஃப் கரிக்கு அடுத்த ஆள்னே சொல்லலாம், அந்த பிக் 7ஆவது இடத்துல வந்து ஜோனதன் குமிங்காவா மாறுச்சு. டுரான்ட்டை சும்மா விட்டிருந்தா இதுல ஒன்னுமே கிடையாது.

இப்போ சம்பளம் மேட்ச் ஆகுதான்னு, அதாவது ஒரு டீம் அனுப்புற சம்பளமும் வாங்குற சம்பளமும் ரூல் விடுற அளவுக்குள்ள ஒத்து வருதான்னு பாக்கணும், கொஞ்சம் பொறுமையா படிங்க, இது புரிஞ்சா ஏன் மூணாவது டீம் நாலாவது டீம்லாம் உள்ள வர்றாங்கன்னு புரிஞ்சிடும். பேர்டு ரைட்ஸ்ல சைன் ஆகுற ப்ளேயருக்கு 20 பர்சென்டுக்கு மேல சம்பளம் ஏறி, அவன் டீமும் கேப்புக்கு மேல இருந்தா, அவன் சம்பளத்தை ரெண்டு டீமும் ரெண்டு விதமா எண்ணணும். வாங்குற டீமுக்கு புது சம்பளம் முழுசா கணக்கு. அனுப்புற டீமுக்கு புது சம்பளத்துல பாதி, இல்ல பழைய சம்பளம், இதுல எது பெருசோ அது.

ஒரு கற்பனை ஆளை வச்சு போடுவோம். போன வருஷம் 1 கோடி டாலர் வாங்கினான், இப்போ முதல் வருஷம் 2.4 கோடி. பாதி 1.2 கோடி, அது பழைய 1 கோடியை விட பெருசு, அதனால அனுப்புற டீம் கணக்குல அவன் 1.2 கோடி ஆளு, வாங்குற டீம் கணக்குல 2.4 கோடி ஆளு. இந்த அளவு சம்பளத்துல ஃபர்ஸ்ட் ஏப்ரனுக்கு கீழ இருக்குற டீம் தான் அனுப்புறதை விட சுமார் 75 லட்சம் கூடுதலா வாங்கலாம் (2023ல இருந்த நம்பர் அது, கேப் ஏற ஏற அதுவும் ஏறும், கணக்குக்கு 75 வச்சுக்கலாம்). வாங்குற டீம் 2.4 கோடி உள்ள எடுக்கணும்னா குறைஞ்சது 1.65 கோடி வெளிய அனுப்பணும். அனுப்புற டீம் 1.2 கோடி அனுப்புறதா கணக்கு, அதனால 1.95 கோடி வரைக்கும் உள்ள எடுக்கலாம். ஆக 1.65ல இருந்து 1.95க்குள்ள ஒரு ஆளோ ரெண்டு பேரோ வாங்குற டீம்கிட்ட இருந்தா ரெண்டு டீமுக்குள்ளயே முடிஞ்சிடும்.

இப்போ அதே கணக்குல அனுப்புற டீம் ஃபர்ஸ்ட் ஏப்ரனுக்கு மேல இருக்குன்னு வைங்க. மேல இருக்குற டீம் அனுப்புறதை விட ஒரு டாலர் கூட அதிகமா எடுக்க முடியாது, அதனால 1.2 கோடி தான் எடுக்கலாம். வாங்குற டீமோ 1.65 அனுப்பியே ஆகணும். 45 லட்சம் அந்தரத்துல தொங்குது. அப்போ தான் கேப் ஸ்பேஸ் இருக்குற மூணாவது டீமை கூப்பிடுவாங்க, 1.2 கோடி ஆள் பழைய டீமுக்கு, 50 லட்சமோ 60 லட்சமோ வாங்குற இன்னொரு ஆள் மூணாவது டீமுக்கு, தொல்லையை ஏத்துக்கிட்டதுக்கு அவங்களுக்கு ஒரு செகண்ட் ரவுண்ட் பிக். பல டீம் ட்ரேட்ல ஒவ்வொரு டீமுக்கும் ரெண்டு டீமோடயாவது கொடுக்கல் வாங்கல் இருக்கணும், ஐரோப்பால எங்கயோ ஆடுற, நாம பேரே கேள்விப்படாத ஒருத்தனோட டிராஃப்ட் ரைட்ஸ் ட்ரேட் நியூஸ்ல கடைசி வரில வர்றது அதுக்குத்தான். 2023 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அனுப்புற டீமுக்கும் ஒரு கட்டு வந்திருக்கு, தன் ஆளை சைன் அண்ட் ட்ரேட்ல அனுப்பி பதிலுக்கு சம்பளம் உள்ள எடுத்தா செகண்ட் ஏப்ரன்ல (ஃபர்ஸ்ட் ஏப்ரனுக்கும் மேல இருக்குற கோடு, 2025-26க்கு சுமார் 20.78 கோடி) ஹார்டு கேப் ஆயிடும். 2024ல கிளே தாம்சன் 3 வருஷம், 5 கோடி டாலருக்கு டல்லஸ் போன ட்ரேட்ல மொத்தம் ஆறு டீம் இருந்துச்சு, என்பிஏல அதுவரைக்கும் ஆறு டீம் சேந்த ட்ரேட்டே கிடையாது. அதுலயே வாரியர்ஸ் பட்டி ஹீல்டையும் கைல் ஆண்டர்சனையும் சைன் அண்ட் ட்ரேட்ல வாங்கினாங்க, அதனால டல்லஸ் மாதிரி அவங்களுக்கும் அந்த சீசன் முழுக்க ஹார்டு கேப்.

கடைசியா பழைய டீமுக்கு உண்மையில என்ன கிடைக்குதுன்னு பாருங்க, என் கணிப்புல நம்மாளுங்க அதிகமா தப்பு பண்ற இடம் இதுதான். ப்ளேயர் வந்தா தான் லாபம்னு பாக்குறாங்க. ட்ரேட் எக்ஸப்ஷன்னு ஒன்னு இருக்கு, ஆளை அனுப்பி பதிலுக்கு யாரையும் வாங்கலைன்னா அந்த சம்பள அளவுக்கு ஒரு கூப்பன் மாதிரி கிடைக்கும், ஒரு வருஷத்துக்குள்ள அந்த அளவு சம்பளக்காரனை மேட்ச்சிங் இல்லாம உள்ள எடுத்துக்கலாம். 2020ல கோர்டன் ஹேவர்டு பாஸ்டனை விட்டு சார்லட் போனார், 4 வருஷம் 12 கோடி. சார்லட் கேப்ல இடம் பண்ணி நேராவே சைன் பண்ணியிருக்கலாம், அவங்களுக்கு சைன் அண்ட் ட்ரேட் தேவையே இல்ல. பாஸ்டன் தான் ரெண்டு செகண்ட் ரவுண்ட் பிக்கை கூட வச்சு குடுத்து, தயவுசெஞ்சு ட்ரேட்டா பண்ணிக்கலாம்னு கேட்டாங்க. தன் ஆளையும் குடுத்து பிக்கும் குடுக்குறாங்களேன்னு அன்னைக்கு திட்டினவங்க நிறைய. ஆனா ஹேவர்டோட புது சம்பளம் பழசை விட குறைவுங்கறதால மேல சொன்ன பாதி கணக்கு வரல, முழுசா 2.85 கோடி டாலர் எக்ஸப்ஷன் கிடைச்சுது, அதுவரைக்கும் என்பிஏல அவ்வளவு பெருசு வந்ததில்ல. அதுல ஒரு பங்கை வச்சு 2021 மார்ச்ல எவான் ஃபோர்னியேவை எடுத்தாங்க. அவர் அந்த கோடைலயே நியூயார்க் போனார், அதுவும் சைன் அண்ட் ட்ரேட், பாஸ்டனுக்கு சுமார் 1.7 கோடிக்கு இன்னொரு எக்ஸப்ஷன். ஒரு தடவை கேப்புக்கு மேல போன டீமுக்கு இந்த சம்பள இடத்தை கைவிடாம உருட்டிக்கிட்டே போறது தான் உயிர்.

ரெஸ்ட்ரிக்டட் ஆளா இருந்தா வேற மாதிரி யோசிக்கணும். 2019ல மால்கம் ப்ராக்டனுக்கு இண்டியானா 4 வருஷம் 8.5 கோடி குடுக்க ரெடி. மில்வாக்கி மேட்ச் பண்ணி வச்சுக்கிட்டிருக்கலாம், சம்பளம் அதிகமானா லீக்குக்கு கட்ட வேண்டிய வரி வேண்டாம்னு சைன் அண்ட் ட்ரேட்ல விட்டு ஒரு ஃபர்ஸ்ட், ரெண்டு செகண்ட் ரவுண்ட் பிக் வாங்கினாங்க. எனக்கு அப்போ ரொம்ப கோவம், நல்ல ப்ளேயரை காசுக்காக விடுறாங்களேன்னு, இப்பவும் அதுல பாதி கோவம் இருக்கு. ஆனா அந்த ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் 2020ல 24ஆவது பிக்கா வந்து ஜ்ரூ ஹாலிடேவை வாங்குன ட்ரேட்ல போச்சு, 2021ல மில்வாக்கி சாம்பியன்.

அதனால ட்ரேட் நடந்த அன்னைக்கே யாருக்கு லாபம்னு தீர்ப்பு சொல்லாதீங்க. 2000ல கிராண்ட் ஹில் டெட்ராய்ட்டை விட்டு ஆர்லாண்டோ போனார், 7 வருஷம், 9 கோடி டாலருக்கு மேல. லீக்கோட பெரிய ஸ்டார்கள்ல ஒருத்தர். டெட்ராய்ட்டுக்கு பதிலுக்கு வந்தது சக்கி ஆட்கின்ஸ், அப்புறம் டிராஃப்ட்லயே யாரும் எடுக்காத பென் வாலஸ்னு ஒரு ஆள். ஹில்லுக்கு கணுக்கால் காயம், ஆர்லாண்டோல முதல் 4 சீசன்ல மொத்தமே 47 மேட்ச் தான் ஆட முடிஞ்சுது, அந்த மனுஷன் பட்ட கஷ்டத்தை நெனைச்சா இன்னைக்கும் மனசு கனக்கும். வாலஸ் 4 தடவை சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கி, 2004ல டெட்ராய்ட்டை சாம்பியன் ஆக்கி, 2021ல ஹால் ஆஃப் ஃபேம் போனார்.

நேரம் பத்தி ஒரு குறிப்பு. ஜூலை 1 விடிகாலை வர்றதெல்லாம் வாய்ப்பேச்சு தான், மொராடோரியம் (கையெழுத்து போட லீக் வச்சிருக்குற தடைக்காலம்) முடியுற ஜூலை 6 நம்ம நேரம் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் பெரும்பாலான டீல்ல கையெழுத்து ஆகாது. சாதாரண சைனிங்னு முதல் நாள் வந்த நியூஸ் அந்த அஞ்சாறு நாள்ல சைன் அண்ட் ட்ரேட்டா மாறுறது சகஜம், தனித்தனியா பேசின ரெண்டு மூணு ட்ரேட் ஒன்னா சேந்து ஒரே பெரிய ட்ரேட்டாவும் ஆகும். அந்த அவகாசத்துல பேச்சு முறியவும் செய்யும், பட்லர் ட்ரேட்டே முதல்ல டல்லஸை வச்சு பேசினாங்க, எந்த ப்ளேயர் வர்றாருங்கறதுல புரிதல் தப்பாகி அது உடைஞ்சு, அப்புறம் தான் போர்ட்லேண்டும் கிளிப்பர்ஸும் உள்ள வந்தாங்க. ரொம்ப முன்னாடியே பேசி முடிச்சா லீக் கேள்வி கேக்கும், 2021ல லான்ஸோ பால் விஷயத்துல சிகாகோவும் கைல் லௌரி விஷயத்துல மயாமியும் ஆளுக்கு ஒரு செகண்ட் ரவுண்ட் பிக்கை இழந்தாங்க.

அதனால முதல் நாள் போட்ட பேப்பரை கிழிச்சு போடாம வச்சிருங்க. 6ஆம் தேதி ராத்திரி டீம்கள் அதிகாரபூர்வமா அறிவிச்சதும் அதுல முதல் வருஷ சம்பளம், கேரண்டி, எந்த டீமுக்கு எந்த ஏப்ரன்ல ஹார்டு கேப் விழுந்திருக்குங்கற மூணையும் திருத்தி எழுதிடுங்க. பிப்ரவரில ட்ரேட் டெட்லைன் வரும்போது உங்க டீம் ஏன் ஒரு சின்ன ஆளைக்கூட எடுக்க முடியாம கையை பிசையுதுங்கறதுக்கு பதில் அந்த பேப்பர்லயே இருக்கும்.